யார் கூப்பிட்டால் கேட்கும்?

போன மாதம் தேனியிலிருந்து நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மருத்துவமனையில், மூளை அலைப் பதிவுப் பிரிவை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். நினைவில்லாமல் கிடக்கும் நோயாளியின் காதில் ஹெட்போனை மாட்டி, வீட்டு ஆட்களின் குரலைப் பதிவு செய்து ஓட்டினால், மூளை அலையில் மாற்றம் வருகிறதா என்று அதுவே பார்த்துச் சொல்லிவிடுமாம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா யாரு குரலப் பதியறதுன்னு கேட்டா ஒவ்வொரு வீட்டுலயும் சண்ட வருது. நீங்கன்னா யார வரச் சொல்லுவீக?"

அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்ல முடியாது.

என் பெயர் ரஹ்மத் நிஷா. சொந்த ஊர் உத்தமபாளையம். கல்லூரி முடித்ததும் மதுரையில் தங்கி இந்தத் தொழிலைப் படித்தேன். மண்டையில் வயர் ஒட்டும் படிப்பு என்றதும் எங்கள் தெருவில் பலரும் பேய் ஓட்டுகிற வேலையோ என்று நினைத்தார்கள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் மட்டும், "கரண்டு நீ குடுக்கறியா, அவுகள்ட்ட இருந்து எடுக்கறியா?" என்று கேட்டார். எடுக்கிறேன் என்றேன். "அப்பச் சரி" என்று அனுப்பி வைத்தார். படிப்பைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேலையைக் கற்றதெல்லாம் தேனிக்கு வந்த பிறகுதான்.

நான் சேர்ந்த காலத்தில் கருவி ஒரு பீரோ அளவு இருக்கும். வரிசையாகப் பேனாக்கள் மடிப்பு மடிப்பாக இறங்கும் காகிதத்தில் கோடு கிழித்துக்கொண்டே போகும். பேனா அடைத்துக்கொண்டால் மை தெறிக்கும். என் பழைய புடவைகளில் பாதிக்கு மேல் நீலப் புள்ளிகள் உண்டு. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மை போனது. ஆனால் தலையில் செய்கிற வேலை மட்டும் மாறவில்லை. இன்ச் டேப்பால் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் அளக்க வேண்டும். சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி புள்ளியாக முடியைப் பிரித்து, தோலைத் துடைத்து, பசை வைத்து, சின்னக் கிண்ணம் போன்ற உலோக முனைகளை அழுத்த வேண்டும். தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று முதல் நாளே சொல்லி அனுப்புவோம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எண்ணெய் வைத்து, பூவும் வைத்துத்தான் வருவார்கள். எண்ணெய் இல்லாத தலையோடு வெளியே கிளம்புவது எழவு வீட்டுக்குப் போகிற மாதிரி அவர்களுக்கு. திட்டாமல் நானே துடைத்துவிடுவேன். தலையில் கை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நிறையப் பேர் பேச ஆரம்பிப்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோருக்கும் நான் நர்சம்மாதான்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் அருணகிரி, நரம்பியல் மருத்துவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. நினைவில்லாமல் கிடப்பவரைத் தொடுவதற்கு முன்னால்கூட, "கையத் தொடுறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். வயதான நோயாளி வந்தால் பிரஷர், சர்க்கரை கேட்பதற்கு முன்னால், "நேத்து யார்கூடப் பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்பார். வீட்டு ஆட்கள் பெயரைச் சொன்னால், "அவங்க சரி. வேற?" என்பார். பயிற்சி டாக்டர்கள் பின்னால் நின்று சிரிப்பார்கள்.

"மூளைக்குப் பாதி வேலை எதிர்ல இன்னொரு ஆள் இருக்கும்போதுதான் ரஹ்மத். ஆள் இல்லேன்னா அந்தப் பாதி சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற இடம் மெல்ல மெல்லச் சுருங்கும்" என்று ஒருமுறை சொன்னார்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு பெரியவர் வந்தார். வார்த்தைகள் மறந்துபோகின்றன என்று மகன் கூட்டி வந்திருந்தார். எதிர்க்கடைக்காரரோடு தினமும் சாயங்காலம் வடை தின்று, டீ குடித்து, சண்டை போட்டுக்கொண்டு இருந்தவர். அந்த எதிர்க்கடைக்காரர் கடையை விற்றுவிட்டு மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் இந்த மறதி. டாக்டர் மருந்துச் சீட்டில் மாத்திரைக்கு மேலேயே எழுதினார்: 'தினமும் சாயங்காலம் கடைவீதியில் நாலு பேரோடு உட்கார வேண்டும்.' மருந்துக்கடைப் பையன் அதைப் படித்துவிட்டு, "இது எங்ககிட்ட ஸ்டாக் இல்ல" என்று சிரித்தானாம். மகனுக்கும் அது விளையாட்டாகத்தான் பட்டது. மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது அந்தப் பெரியவருக்கு மகனையே அடையாளம் தெரியவில்லை. டாக்டர் கோபப்படவில்லை. "நான் வாயால சொல்லியிருக்கணும். எழுதினா யாரு நம்புறா?" என்றார்.

பேச்சியம்மாளைக் கொண்டுவந்தபோது மலையில் ஏலக்காய் எடுப்புக் காலம். சுருளிப்பட்டியில் இருந்து விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்குகிற பெண்களில் ஒருத்தி. அன்றைக்கு ஜீப் ஒரு வளைவில் புரண்டுவிட்டது. பலருக்கும் கை கால் அடி. மண்டையில் பலத்த அடி பேச்சியம்மாளுக்கு மட்டும்தான். ஆபரேஷன் நடந்தது. இரத்தக்கட்டியை எடுத்தார்கள். மூச்சு தானாக வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை.

சில நாள் பார்த்துவிட்டு டாக்டர் என்னைப் படுக்கைக்கே கருவியைக் கொண்டுவரச் சொன்னார். தலையைப் பாதி மழித்திருந்தார்கள். தையலுக்குப் பக்கத்தில் ஒட்டக் கூடாத இடங்களை விட்டு மற்ற இடங்களில் ஒட்டினேன். திரையில் பெரிய பெரிய மெதுவான அலைகள். ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் மூளை அப்படித்தான் போகும். அந்த ஓட்டம் வெளியிலிருந்து வரும் எதற்காவது மாறுகிறதா என்பதுதான் சோதனை. முதலில் கைதட்டல், அப்புறம் நகத்தில் ஓர் அழுத்தம், அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் நான் பொத்தானை அழுத்திக் குறி வைக்க வேண்டும். நடுவில் அமைதி வேண்டும். நோயாளி கண் சிமிட்டினாலோ தாடை இறுகினாலோ அதுவும் அலை மாதிரியே திரையில் வரும். ஏமாந்துவிடக் கூடாது.

கைதட்டலுக்கு மாற்றமில்லை. நகத்தை அழுத்தியபோது லேசாக, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஓர் அசைவு. டாக்டர் வீட்டு ஆட்களை உள்ளே அழைத்தார். மகன் பிரபு கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். குனிந்து, "அம்மா, அம்மா" என்றான். அலை அதன் போக்கில் போனது. அடுத்தது கணவர் கருப்பையா. திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிறவர். கத்திரி பிடித்துக் காய்ப்பேறிய கை. அந்தக் கையைக் கட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

"பே… பேச்சியம்மா" என்றார். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது மாதிரி இருந்தது. மாற்றம் இல்லை.

"வீட்டில எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்க."

கருப்பையா மனைவியின் முகத்தைப் பார்த்தார். "கூப்புடுறதே இல்லீங்கய்யா. வந்து நிப்பேன். சோறு வச்சுருவா."

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப தினமும் இவங்களப் பேரு சொல்லிக் கூப்பிடுறது யாரு?" என்றார்.

பிரபுதான், "ஒச்சம்மா அத்தை" என்றான். அப்பா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஒச்சம்மாள் அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். உறவு ஒன்றும் இல்லை, கூப்பிடுகிற முறைதான் அத்தை. கல்யாணமாகி ஒரே வருடத்தில் இருவரும் அந்தத் தெருவுக்கு வந்தவர்கள். ஒரே ஜீப்பில் ஏறி, மலையில் பக்கத்துப் பக்கத்துச் செடியில் காய் பறித்து, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். விபத்து நடந்த அன்று பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல். போகவில்லை என்று படுத்துவிட்டாள். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் ஜீப்பில் இடம் கிடைக்காது என்று ஒச்சம்மாள்தான் வாசலில் நின்று கூப்பிட்டு எழுப்பிக் கூட்டிப் போனாள். அவளுக்குக் கை முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவள் தினமும் பஸ் ஏறி வந்து கீழே காத்திருப்போர் கூடத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேலே வர கருப்பையா விடவில்லை.

டாக்டர் ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் வாய் கோணியது. அழாமல் அடக்கிக்கொண்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கன வச்சு எப்படிம்மா கூப்புடுறது? நான் படலுக்கு வெளியில நின்னுல்ல சத்தம் போடுவேன். நோயாளிக படுத்திருக்காக" என்றாள்.

"பரவாயில்ல. அந்தக் கதவுகிட்டப் போய் நின்னு, அதுதான் படல்னு நினைச்சுக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

ஒச்சம்மாள் கண்ணாடிக் கதவருகே போய் நின்றாள். தெருவில் நிற்கிற பெண்ணைப் போல முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏத்தா பேச்சீ… எந்திரிடீ! ஜீப்பு வந்துருச்சு!"

அந்தப் பிரிவில் இருந்த நர்சுகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரையைத்தான் பார்த்தேன். மெதுவாக உருண்டுகொண்டிருந்த பெரிய அலைகள் சட்டென்று அடங்கின. அந்த இடத்தில் சின்னச் சின்ன, வேகமான அலைகள் ஓடின. நாலைந்து மூச்சு விடுகிற நேரம் ஓடிவிட்டு, மறுபடி பழைய அலைகள் திரும்பின. கண்ணைப் பார்த்தேன், தாடையைப் பார்த்தேன். எந்த அசைவும் இல்லை. அது மூளையிலிருந்து வந்ததுதான்.

டாக்டர் மறுபடி கூப்பிடச் சொன்னார். மறுபடியும் அதே மாற்றம். பிறகு ஒரு நர்சை அதே வார்த்தைகளை அதே மாதிரிச் சொல்லச் சொன்னார். அலை அசையவில்லை. கடைசியாக அவர் கருப்பையா பக்கம் திரும்பி, "நீங்களும் அதே மாதிரி ஒரு தடவ சொல்லிப் பாருங்க" என்றார்.

கருப்பையா திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். படிக்கத் தெரியாத மனிதர். ஆனால் அலை அடங்கியதும் திரும்பியதும் அவர் கண்ணுக்கும் தெரிந்திருந்தது.

"அந்த வார்த்தைய என் வாயால சொல்ல மாட்டேங்கய்யா. அன்னைக்கிக் காலையில அதச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனா" என்றார்.

ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வராந்தாவில் டாக்டர் அவரிடம் நிதானமாகப் பேசினார். தினமும் தூக்கத்திலிருந்து எழுப்புகிற குரல் அது, அதனால்தான் மூளை அதற்கு முதலில் திரும்புகிறது, பாசத்தை அளக்கிற கருவி இல்லை இது, வெறும் பழக்கம்தான் என்றார்.

"முப்பது வருசமா ஒரே வீட்டுல இருந்தது பழக்கம் இல்லீங்களாய்யா?" என்று கேட்டார் கருப்பையா.

டாக்டர், "ஒச்சம்மா தினமும் கொஞ்ச நேரம் வந்து பேசினா நல்லது. இந்த முதல் சில மாசம் ரொம்ப முக்கியம். மூளை உதவி தேடுற சமயம் இது" என்றார்.

"நான் பேசுறேங்க. தெனமும் நானே பேசுறேன்."

உள்ளே யார் வரலாம் என்று முடிவு செய்வது வீட்டார்தான். அதை மீறிச் செய்ய எங்களால் முடியவில்லை. ஒச்சம்மாள் இன்னும் கொஞ்ச நாள் கீழ் பெஞ்சுக்கு வந்தாள். ஒருநாள் கருப்பையாவே இறங்கிப் போய், "வராத" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவள் வரவில்லை.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதையும் நான் சொல்ல வேண்டும். தினமும் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். வாழ்நாளில் அந்த மனிதர் அவ்வளவு பேசியிருக்க மாட்டார். பேச விஷயம் இல்லாமல் திண்டாடியது எனக்குத் தெரிந்தது. எந்தத் தோட்டத்தில் கவாத்து முடிந்தது, எங்கே கொடியில் செவட்டை நோய் விழுந்திருக்கிறது, மழையில் எத்தனை பழம் வெடித்தது என்று சொல்வார். அப்புறம் நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து கவாத்து. நான் பதிவு எடுக்கப் போகும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்த்து, "இப்ப ஏதும் மாறுச்சா தாயி?" என்று கேட்பார். "கொஞ்சம் கொஞ்சமா மாறும்ண்ணே" என்பேன். அவர் குரலுக்கு அலை அடங்கி நான் பார்க்கவில்லை.

பிறகு பேச்சியம்மாள் தானாகக் கண் திறந்தாள். யாரையும் பார்க்காத கண். மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினோம்.

டாக்டருக்கு மனம் ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய காரிலேயே சுருளிப்பட்டிக்குப் போனோம். வீட்டைப் பார்த்து நான் அசந்துபோனேன். கருப்பையா மனைவியை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் ஒரு சிறு புண் இல்லாமல் வைத்திருந்தார். நகம் வெட்டி, மழித்த இடத்தில் முளைத்த முடிக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நாங்கள் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்திருக்க மாட்டோம். டாக்டர் அதை வாய்விட்டுச் சொன்னார். கருப்பையா முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"ஒச்சம்மாவ ஒரு தடவ வரச் சொல்லலாமே" என்றார் டாக்டர்.

வெளிச்சம் அணைந்தது. "அவ ஊருல இல்லீங்க. திருப்பூருல மக வீட்டுக்குப் போயிட்டாளாம். நான் ஒண்ணும் அனுப்பல. தெருவுல எல்லாரும் அவளத்தான் கொற சொன்னாக. நான் மட்டுமா சொன்னேன்?"

அதற்கு மேல் டாக்டர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கருப்பையா தட்டு நிறையப் பன்னீர் திராட்சை கொண்டுவந்து வைத்தார். தின்றோம். கிளம்பியபோது கார்வரை வந்தவர், டாக்டர் ஏறி உட்காரும்வரை காத்திருந்து என்னைத் தனியாக அழைத்தார்.

"தாயி, அவ எப்படிக் கூப்புட்டா அன்னைக்கி? வார்த்த தெரியும். அந்த இழுவ வர மாட்டேங்குது."

தெருவில் ஆள் நடமாட்டம். நான் தாழ்ந்த குரலில், "ஏத்தா பேச்சீ…" என்று 'சீ'யை இழுத்துச் சொன்னேன். அவர் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வரும் வழியில் வீரபாண்டி தாண்டிய பிறகு டாக்டர் சொன்னார்: "அன்னைக்கு அவர ஸ்கிரீன் பக்கத்துல நிக்க வச்சிருக்கக் கூடாது. நமக்கு அது ரிசல்ட். அவருக்கு அது தீர்ப்பு." வெகுநாள் கழித்து ஓய்வு பெற்றுப் போகும்போதும் அவர் இதைச் சொன்னார். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய மனிதர். கடைசி நாளில் அவர் பேசியது இந்த ஒன்றைத்தான்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் கருப்பையாவிடமிருந்து தகவல் இல்லை. ஒருநாள் தனியாக வந்து பதிவறை வாசலில் நின்றார். டாக்டர் ரவுண்ட்ஸில் இருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னார்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி கூப்புட்டுப் பாத்தேன் தாயி. மொத நாலஞ்சு நாளு வாய் வரல. அப்புறம் ஒருநா படலுக்கு அங்கிட்டு நின்னு கூப்புட்டேன். உள்ள ஓடி வந்து பாத்தேன். மொகத்துல உசுரு இருந்துச்சு. கண்ணு நேரா என்னையப் பாத்துச்சு. எனக்கு அப்படியே… சந்தோசம். அப்புறம் அந்தக் கண்ணு எனக்குப் பின்னால வாசலப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அங்கன யாரும் இல்ல. தண்ணி வந்துருச்சு அவ கண்ணுல."

நான் டாக்டரைக் கூப்பிட எழுந்தேன்.

"திருப்பூருல எந்தத் தெருவுன்னு விசாரிச்சுட்டேன். இப்ப அங்கதான் போறேன். டாக்டரய்யாகிட்டச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஒச்சம்மாளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு பனியன் கம்பெனி வாசலில் நின்று, வா என்று கூப்பிட்டிருக்கிறார். அவள் எதுவும் கேட்காமல் அவரோடு பஸ் ஏறியிருக்கிறாள். இதை ஒச்சம்மாள்தான் பிறகு சொன்னாள்.

அடுத்த பதிவுக்கு மூவரும் வந்தார்கள். பேச்சியம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய் இல்லை. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. பேச்சு வரவில்லை. நான் முடியைப் பிரித்துப் பசை வைக்க, ஒச்சம்மாள் பக்கத்தில் நின்று ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். மலைக்கு யார் யார் வருகிறார்கள், எந்தத் தோட்டத்தில் கங்காணி மாறிவிட்டான், தன் பேத்தி என்ன சேட்டை செய்கிறாள் என்று. பேச்சியம்மாள் இடது கையால் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. திரையில் அலைகள் முன்பைவிட நன்றாக இருந்தன. ஆனால் இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே, பேச்சு இருக்கும் இடத்தில், அந்த மெதுவான பெரிய அலை அப்படியே தங்கிவிட்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். ஒச்சம்மாள் அவரிடம் நேராகவே கேட்டாள். "அய்யா, நான் அப்பமே தெனமும் வந்து பேசியிருந்தா, இவளுக்குப் பேச்சு வந்துருக்குமா?"

கருப்பையா கதவோரத்தில் நின்றிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் எல்லோருக்கும் அந்தக் கேள்வி இருந்தது, எனக்கும்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியாதும்மா. அடி பெரிசு. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

அது உண்மைதான். பொய் கலக்காத பதில். ஆனாலும் 'வந்திருக்காது' என்று ஒரே சொல்லாகச் சொல்லியிருந்தால் கருப்பையாவுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும். அந்தச் சொல்லைச் சொல்ல டாக்டரின் படிப்பு அவரை விடவில்லை. எத்தனையோ பதிவுகளைப் பார்த்துவிட்டேன். எந்தக் குரலுக்கு எந்த மூளை திரும்பும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் மண்டையில் அடிபட்டு நான் கிடந்தால் என்னை எழுப்ப யாரைக் கூப்பிட வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். மதுரையில் என்னோடு தங்கிப் படித்த வசந்தாவின் முகம் வந்தது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆன பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது.

ஒச்சம்மாள் திருப்பூருக்குத் திரும்பவில்லை. சுருளிப்பட்டியிலேயே இருந்துவிட்டாள். பகலில் கருப்பையா தோட்டத்துக்குப் போக, அவள் வந்து பார்த்துக்கொள்வாள். பேச்சியம்மாள் அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தாள். பேச்சு வரவே இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு கருப்பையா மருத்துவமனைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரமாக முடியாமல் இருந்து போய்விட்டாள் என்றார். அந்தப் பழைய டாக்டரய்யாவிடமும் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று, கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் இருந்தோம் தாயி. அவ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். காலையில. கண்ணத் தொறந்தா. சன்னமாத்தான் தொறந்தா."

கொஞ்ச நேரம் கையில் இருந்த துண்டை மடித்தார்.

"யாரப் பாத்தான்னு நான் பாக்கல தாயி. தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."